கொக்கும் கைநாட்டும்

போன மாதம் வாரச்சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பறைச் சத்தம் கேட்டது. சாவுக்கு அடிக்கிற அடி இல்லை, சாமிக்கு அடிக்கிற அடியும் இல்லை. ஆள் கூட்டுவதற்கு அடிக்கிற அடி. அந்த அடியை நானே இரண்டு வருஷம் அடித்தவன் என்பதால் கை தானாக நின்றுவிட்டது. பையைக் கடைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

ஆறு பேர். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டீ-ஷர்ட், முதுகில் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயர். பின்னால் வேப்பமரத்தில் ஃபிளெக்ஸ் பேனர். பிளாஸ்டிக் ஒழிப்பு விழிப்புணர்வு நாடகம். ஒரு பையன் மாடாக வந்தான், கேரி பேக்கைத் தின்றான், விழுந்து துடித்தான், செத்தான். மற்ற ஐந்து பேரும் அவனைச் சுற்றி நின்று கையை நீட்டி "இதற்கு யார் காரணம்?" என்று கேட்டார்கள். பதிலையும் அவர்களே சொன்னார்கள். "நாம்தான்! நாம்தான்!" ஒரு பெண் நடுவில் வந்து துணிப்பையைத் தூக்கிக் காட்டினாள். கைதட்டல். ஒருவர் செல்போனைக் குறுக்காகப் பிடித்து, பேனரும் கூட்டமும் சேர்ந்து விழுகிற மாதிரி நாலைந்து போட்டோ எடுத்தார். இடம், தேதி, நேரம் எல்லாம் படத்திலேயே பதிகிற ஜிபிஎஸ் கேமரா. அது இல்லாமல் பில் பாஸ் ஆகாது. பன்னிரண்டு நிமிஷத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள்.

பக்கத்து டீக்கடைக்காரர் என்னிடம் கேட்டார்: "என்னண்ணே, முடிஞ்சிருச்சா? நான் இன்னும் ஆரம்பிக்கலைன்னுல்ல நெனச்சேன்."

சிரித்துவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தப் பையன் நடிப்பில் குறை இல்லை. சாகும்போது மாடு மாதிரியே கண்ணை உருட்டினான். சொன்ன விஷயத்திலும் குறை இல்லை. மாடு சாவது உண்மைதான். அப்புறம் எது இல்லை? கலையா பிரச்சாரமா, கலை கலைக்காகவா மக்களுக்காகவா என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டார்கள். அந்தப் பட்டிமன்றத்தில் எனக்குச் சுவாரசியம் போய் ரொம்ப நாளாகிறது. எனக்குத் தெரிந்தது மூன்று நாலு மேடைகள். ஒன்றில் நானே நின்றேன், மற்றவை கேட்டதும் படித்ததும்.

நான் நின்ற மேடைக்கு மேடையே கிடையாது. 1991, புதுக்கோட்டை மாவட்டம். எனக்கு இருபது வயது, பி.காம். முடித்து இரண்டு பேப்பர் அரியர். அந்த நேரத்தில்தான் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற அறிவொளி இயக்கம் வந்தது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த வருஷம் அக்டோபரில் நாடு முழுக்க அறிவியல் கலைப்பயணம் போனது. பாட்டும் நாடகமுமாக ஊருக்குள் போனால் ஜனம் வரும் என்பதைக் கேரளத்துக்காரர்கள் பத்து வருஷமாகச் செய்து காட்டியிருந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பேர் காசு வாங்காமல் ராத்திரியில் அரிக்கேன் விளக்கோடு சொல்லிக்கொடுக்கப் போனார்கள். அவர்களுக்கு முன்னால் போய் ஊரைக் கூட்டுவதற்கு எத்தனையோ கலைக்குழுக்கள் சுற்றின. அதில் ஒன்றில் நான் ஒட்டிக்கொண்டேன். பறை அடிப்பேன், வட்டிக்காரனாக நடிப்பேன். மீசை எனக்கு அப்போதே கொஞ்சம் கனம்.

எங்கள் நாடகம் 'கைநாட்டு'. இப்படி ஒரு நாடகம் அப்போது எல்லாக் குழுவிடமும் இருந்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், புருஷன் செத்ததும் என்னிடம் முந்நூறு ரூபாய் கடன் வாங்குகிறாள். நான் பத்திரத்தில் இல்லாததையும் பொல்லாததையும் எழுதிக் கைநாட்டு வாங்குகிறேன். நிலம் என் கைக்கு வருகிறது. அவள் தெருவுக்கு வருகிறாள். சட்டென்று எல்லோரும் உறைந்து நிற்போம். ஒருவர் முன்னால் வந்து, "இவள் படித்திருந்தால் இந்த நிலைமை வந்திருக்குமா?" என்று கேட்பார். குழு ஒரே குரலில் "வந்திருக்காது!" அப்புறம் பாட்டு, வகுப்புக்குப் பெயர் கொடுப்பது, ராத்திரி யார் வீட்டிலாவது ரசமும் சோறும். ஒரு நாளைக்கு மூன்று நாலு ஊர்.

சந்தையில் பார்த்த மாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்றும் இல்லை. எங்களுக்கு ஜிபிஎஸ் இல்லை, அவ்வளவுதான்.

அறந்தாங்கி போகிற பாதையில் ஒரு ஊர். நாடகம் முடிந்து பாட்டு ஆரம்பிக்கப் போனபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆத்தா கையைத் தூக்கி நிறுத்தினார். எழுபது வயது இருக்கும். காதில் ஓட்டை மட்டும், நகை இல்லை.

"ஏப்பா, எனக்கும் நெலம் போச்சு. ஆனா வட்டிக்காரன்கிட்ட போகல. என் கொழுந்தன்கிட்ட போச்சு. அவனுக்கு நல்லாப் படிக்கத் தெரியும். எனக்குப் பத்திரத்தைப் படிச்சுக் காட்டித்தான் கைநாட்டு வாங்குனான். அதுல இல்லாததைப் படிச்சான்."

எங்கள் அண்ணன், அதாவது நாடகம் எழுதியவர், உடனே பிடித்துக்கொண்டார். "அதைத்தான் ஆத்தா நாங்களும் சொல்றோம். நீங்க படிச்சிருந்தா..."

"படிச்சிருந்தா மட்டும் அவனை எதுத்துக் கேட்டிருப்பேனாக்கும்? அறுப்புக்காரி. பொறந்த வீடும் இல்ல. அவன் வீட்டுலதான் எனக்குச் சோறு."

யாரும் பேசவில்லை. என் பறை இடுப்பில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அறுப்புக்காரி என்பது எங்கள் பக்கத்தில் தாலி அறுத்தவளைச் சொல்கிற சொல். தன்னையே அந்தச் சொல்லால் சொல்லிக்கொண்ட ஒருவருக்குப் பதில் சொல்ல எங்கள் நாடகத்தில் வசனம் இல்லை. பாட்டைப் பாடிவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

அன்று ராத்திரி பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுத்துக்கொண்டு விடிய விடியச் சண்டை. அந்த ஆத்தா சொன்னதை நாடகத்தில் சேர்க்க வேண்டும் என்று நானும் இன்னும் இரண்டு பேரும். சேர்த்தால் செய்தி குழம்பிவிடும் என்று அண்ணன். அவர் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. படி என்று சொல்லத்தானே வந்திருக்கிறோம்? படித்தவனும் ஏமாற்றுவான், படித்தாலும் எதிர்த்துக் கேட்க முடியாது என்றால் அப்புறம் யார் வகுப்புக்கு வருவார்கள்?

கடைசியில் ஒரு சமாதானம் ஆனது. வட்டிக்காரனைத் தூக்கிவிட்டுக் கொழுந்தனைப் போட்டோம். மீசையோடு நானேதான். நான் பத்திரத்தை உரக்கப் படிப்பேன், அன்பாக, அண்ணி அண்ணி என்று. பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, ஓரத்தில் இன்னொருவன் உண்மையில் அதில் எழுதியிருப்பதைச் சொல்வான். அவள் கட்டைவிரலை மையில் தோய்ப்பாள். பறை ஏறிக்கொண்டே போகும். விரல் பத்திரத்துக்கு ஒரு சாண் மேலே வரும்போது பறை நிற்கும். அவ்வளவுதான் நாடகம். யாரும் முன்னால் வந்து கேள்வி கேட்பதில்லை. விரல் அப்படியே நிற்கும்.

முதல் தடவை செய்தபோது அரை நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்புறம் கூட்டத்தில் ஒரு பெண் குரல்: "வைக்காதடி!" அது முடிவதற்குள் இன்னொரு குரல்: "வைக்காம சோத்துக்கு எங்க போவா, ஒன் வீட்டுக்கு வருவாளா?" அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. இருபது நிமிஷம் பெண்களுக்குள்ளேயே வாக்குவாதம். ஆண்கள் ஓரமாக நின்று பீடி பிடித்தார்கள். ஒரு பெரியவர், "இதெல்லாம் குடும்ப விசயம், நாடகத்துல எதுக்கு?" என்று எழுந்து போனார். அவர் போன வேகத்தைப் பார்த்தால் அவரும் ஒரு கொழுந்தனாக இருந்திருப்பார் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

அந்த ஊரில் ராத்திரி வகுப்புக்கு இரண்டு மடங்கு ஆள் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மற்ற ஊர்களில் வந்த அளவுக்குத்தான் வந்தார்கள். அண்ணன் அதைச் சுட்டிக்காட்டவும் செய்தார். ஆனால் நாலைந்து வருஷம் கழித்து, மணமேல்குடி பஸ்ஸில் ஒரு பெண் என்னையே உற்று உற்றுப் பார்த்தார். கூடையை மடியில் வைத்துக்கொண்டு, இறங்குகிற நேரத்தில் கேட்டேவிட்டார்.

"நீ அந்தக் கொழுந்தன்தானே? அந்தப் பிள்ளை கடைசில வெரலை வச்சுச்சா, வைக்கலியா?"

எனக்கே தெரியாது என்றேன். நம்பவில்லை.

இதை வைத்து நேரடியாகச் சொல்வதெல்லாம் மட்டம், மறைத்துச் சொல்வதுதான் கலை என்று சொல்லிவிடலாம். பாதிப் பேர் அங்கேதான் போய் நிற்பார்கள். எனக்கு அதற்கு வாய் வராது, ஏனென்றால் அதே வருஷம் அதே மாவட்டத்தில் நான் சைக்கிளைப் பார்த்தேன்.

ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளியின் பகுதியாகப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கிவிடுவது என்று ஆரம்பித்தது. அதற்கு முத்துபாஸ்கரன் ஒரு பாட்டு எழுதினார். தங்கச்சியைச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொல்கிற பாட்டு. அதில் ஒளிவுமறைவே கிடையாது, உவமை கிடையாது. கற்றுக்கொள் என்றுதான் சொல்கிறது. அந்தப் பாட்டு மாவட்டம் முழுக்கப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை மைதானங்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாக விழுந்து எழுந்து பழகினார்கள். பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோய், ஆண்கள் சைக்கிளையே வாங்கிப் போனார்கள். முன்னால் இருக்கிற பாரில் பிள்ளையை உட்காரவைக்க அதுதான் வசதி என்று பின்னால் அதையே கேட்டும் வாங்கினார்கள். எங்கள் கட்டைவிரல் நாடகம் எத்தனை பேர் வாழ்க்கையை மாற்றியது என்று கேட்டால் நான் முழிப்பேன். அந்தப் பாட்டைக் கேட்டால் முழிக்க வேண்டியதில்லை.

ஏன் அது எடுபட்டது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பாட்டுக்குப் பக்கத்திலேயே சைக்கிள் நின்றது என்பதுதான் எனக்குத் தோன்றுகிற காரணம். பாட்டைக் கேட்டவளுக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. ஏறி உட்கார வேண்டும், விழ வேண்டும், முழங்காலைச் சிராய்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் நாடகத்திலும் விரல் நின்ற பிறகுதான் கூட்டத்துக்கு வேலை வந்தது. சந்தையில் செத்த மாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலை இல்லை. கேள்வியையும் பதிலையும் அவர்களே பேசிவிட்டார்கள். டீக்கடைக்காரர் அதனால்தான் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தார். அவரைப் பொறுத்தவரை அது சரி.

எங்கள் பக்கம் இது புதுசும் இல்லை. கோவில் திருவிழா என்றால் ஸ்பெஷல் நாடகம். ஸ்பெஷல் நாடகம் என்றால் முக்கால்வாசி வள்ளி திருமணம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிப்போட்ட பாட்டுகள்தான் அடித்தளம். வெவ்வேறு ஊரிலிருந்து நடிகர்கள் வந்து இறங்குவார்கள், ஒத்திகை கிடையாது, ஒருவரை ஒருவர் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்கள். ராத்திரி பத்தரைக்கு ஆர்மோனியம் எழும். பபூன் வந்து போனதும் வள்ளி வருவாள். தினைப்புனத்தில் ஆலோலம் பாடிப் பறவை விரட்டுவாள். நாரதர் வந்து தர்க்கம் பண்ணுவார். அந்தத் தர்க்கம் ஆளைப் பொறுத்து ஒரு மணி நேரமும் ஓடும், மூன்று மணி நேரமும் ஓடும்.

இந்த வள்ளி திருமணத்தை வைத்துத்தான் விஸ்வநாததாஸ் வெள்ளைக்காரனைக் கேலி செய்தார். சிவகாசியில் 1886-இல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். முருகனாக வேடம் கட்டுவார். புனத்தில் பறவை விரட்டுகிற கட்டத்தில் அவர் கொக்குப் பாட்டை எடுத்துவிடுவார். வெள்ளைக் கொக்கு பறக்கிறது, பார் பாப்பா என்று. கொட்டகை அதிரும். முன்வரிசையில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருக்கிற போலீஸ்காரருக்கும் புரியும். எதை எழுதுவார்? கொக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். தினைப்புனத்தில் பறவையை விரட்டத்தான் செய்வார்கள். ராஜத்துரோகம் பாட்டில் இல்லை. கேட்டவர்கள் மண்டைக்குள் இருந்தது. அதைக் கைது பண்ணுவதற்குச் சட்டம் இல்லை. ஆனாலும் விடவில்லை. நேரடியாகவே பாடிய பாட்டுகளும் அவரிடம் நிறைய உண்டு. பல தடவை சிறைக்குப் போனார்.

எனக்கு இதில் பிடித்தது அந்தச் சாமர்த்தியம் மட்டும் இல்லை. கொக்கை அவர் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. வள்ளி கதைக்குள் பறவை ஏற்கெனவே இருந்தது. பரண் இருந்தது, கவண் இருந்தது, நம் விளைச்சலைத் தின்ன வருவதை விரட்ட வேண்டும் என்ற நியாயம் இருந்தது. நிறம் மட்டும்தான் பாக்கி. அரசியலை நாடகத்தின் மேல் போஸ்டராக ஒட்டாமல், நாடகத்துக்குள் கிடந்ததை எடுத்துக்கொண்டார்கள். தணிக்கைக்குப் பயந்து செய்தது என்று சொல்லலாம். ஆனால் பயத்தால் செய்தது பலமாக முடிந்தது.

இதே விஸ்வநாததாஸ் கதையில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அவர் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். முடி திருத்துகிறவர்கள் என்று ஊர் ஒதுக்கிவைத்த சாதி. வேடம் கட்டி மேடையில் நிற்கும்போது கொட்டகையே எழுந்து கும்பிடும், ஆனால் அவருக்கு வள்ளியாக நிற்க மாட்டோம் என்று சாதியைக் காரணம் காட்டி மறுத்த நடிகைகள் உண்டு. முருகன் சாதி விட்டுச் சாதி போய் வேடர் வீட்டுப் பெண்ணைக் கட்டுகிற கதைதானே அது? அந்தக் கதையிலேயே இப்படி. கொக்கைப் புரிந்துகொண்ட கூட்டத்துக்கு இது கண்ணில் படவில்லை. பாட்டில் என்ன அரசியல் இருக்கிறது என்று நாம் தேடிக்கொண்டிருக்கும்போது, யார் பாடலாம், யார் பக்கத்தில் நிற்கலாம் என்ற அரசியல் திரைக்குப் பின்னால் முடிந்துவிடுகிறது. எங்கள் கலைக்குழுவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெண்களின் கதையை ஊர் ஊராகச் சொன்ன எங்கள் குழுவில் பதினோரு பேர். பெண் ஒருத்தி மட்டும். அந்த ஒருத்திதான் விரலை நீட்டிக்கொண்டு நிற்பாள். நாடகத்தைத் திருத்தச் சண்டை போட்ட ராத்திரியில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டோமா என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை. நினைவில்லை என்றால் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

விஸ்வநாததாஸ் 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்தில் மயில் மேல் உட்கார்ந்தபடியே மேடையில் செத்தார். திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. மதுரைக்குப் பக்கம்தான், ஒரு தடவை இறங்கிப் பாருங்கள்.

சுதந்திரம் வந்த பிறகு கொக்குக்கு வேலை போய்விட்டது. இனி எதையும் நேராகச் சொல்லலாம் என்ற காலம். சொன்னவர்களில் எம்.ஆர். ராதா மாதிரி ஒருவர் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் மேலே சொன்ன என் கணக்கையெல்லாம் உடைத்துப்போடுகிறவர் இவர். எதையும் மறைக்க மாட்டார். கடவுளைத் திட்டுவார், கட்சியைத் திட்டுவார், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷனைத் திட்டுவார். மனம் புண்படுகிறவர்கள் என் நாடகத்துக்கு வர வேண்டாம் என்று விளம்பரத்திலேயே சொல்லிவிட்டவர். 1954-இல் சென்னை மாநிலத்தில் நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. அவருடைய ராமாயண நாடகத்தை நிறுத்தத்தான் அது வந்தது என்பது ஊரறிந்த பேச்சு. 1876-இல் வங்காளத்து நாடகங்களைப் பார்த்துப் பயந்து வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தின் பேரப்பிள்ளை அது. வேல்ஸ் இளவரசருக்கு வீட்டில் வரவேற்பு கொடுத்த ஒரு கல்கத்தா வக்கீலைக் கிண்டலடித்து நாடகம் போட்டார்கள் என்பதற்காக வந்த சட்டம். வெள்ளைக்காரன் போன பிறகு நம்மாட்களுக்கும் தேவைப்பட்டது. நம் மாநிலச் சட்டம் ஏட்டில் கிடந்துகொண்டே இருந்தது. பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி வழக்குப் போட்டு, 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளைச் செல்லாது என்றது. ஏறத்தாழ அறுபது வருஷம்.

என் அப்பா அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ராதாவின் 'ரத்தக் கண்ணீர்' நாடகம் பார்த்திருக்கிறார். ராதா என்ன பேசினார் என்று கேட்டால் அப்பாவுக்கு ஒரு வசனமும் சரியாகச் சொல்ல வராது. சொல்ல வராதது மட்டுமல்ல, அன்றைக்குப் பேசியது மறுநாள் இருக்காது. காலையில் பேப்பரில் வந்தது ராத்திரி வசனத்தில் வந்துவிடும். ஆனால் அந்தத் தொழுநோய்க்காரன் உடம்பு அப்பாவுக்கு அப்படியே நினைவு. விரல் மடங்கியது, குரல் கரகரத்தது, அழுகிக்கொண்டிருக்கிற ஒருத்தன் நம் எல்லாரையும் பார்த்துச் சிரித்தது. "அவன் திட்டுனா கோவம் வரலடா. அவனே செத்துக்கிட்டுத் திட்டுறான்ல" என்பார்.

இதுதான் என்று நினைக்கிறேன். அந்த மேடையில் யோக்கியன் என்று ஒருவன் நின்று புத்தி சொல்லவில்லை. ஊரிலேயே மோசமானவன் நின்று பேசினான். அவன் பேச்சில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பது பார்க்கிறவன் பாடு. எல்லாவற்றையும் பட்டவர்த்தனமாகச் சொல்லியும் அந்த வேலையை ராதா நமக்கு விட்டுவைத்தார். போதாததற்கு, நாளைக்கு இந்த ஆளைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்பது கொட்டகைக்கே தெரியும்.

'பராசக்தி'யைப் பற்றி என்ன சொல்வது? 1952 தீபாவளிக்கு வந்த படம். பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம், கருணாநிதியின் வசனம், சிவாஜிக்கு முதல் படம், தடை செய்யச் சொல்லிக் கூச்சல். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. எனக்குத் தெரிந்தது என் பெரியப்பா. கதர்ச் சட்டை, கடைசிவரை காங்கிரஸ், காலையில் திருநீறு பூசாமல் காபி குடிக்க மாட்டார். அந்த நீதிமன்ற வசனத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரு மூச்சில் சொல்லுவார். கல்யாண வீட்டில் குழாய் ரேடியோவில் கதை வசனம் ஓடினால், பரிமாறுகிறவர் கையில் வாளியோடு நின்று கூடவே பேசிவிட்டுத்தான் அடுத்த இலைக்குப் போவார். ஒரு வார்த்தை பிசகாது.

அவரிடம் ஒரு தடவை கேட்டேன், "பெரியப்பா, கட்சியும் வேற, கொள்கையும் வேற, அப்புறம் எப்படி இதை மனப்பாடம் பண்ணீங்க?" என்று. "தமிழுடா அது" என்றார். அவ்வளவுதான் பதில்.

எழுதியவர் எதற்காக எழுதினாரோ அது பெரியப்பாவுக்குள் போகவே இல்லை. ஓசை மட்டும் போய் உட்கார்ந்துகொண்டது. இது அந்த வசனத்துக்குத் தோல்வியா? 1967-இல் மாநிலமே மாறியபோது பெரியப்பா மாறவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் மேடைத்தமிழை எங்களுக்குக் காதில் ஊற்றியவர் அந்தக் காங்கிரஸ்காரர்தான். அதைக் கேட்டு வளர்ந்த நாங்கள் அவர் போட்ட கட்சிக்கு ஓட்டுப் போடவில்லை. வசனம் ஒரு தலைமுறை தள்ளிப் போய் வேலை செய்ததோ என்னவோ.

நாங்கள் பயிற்சி முகாமில் இருந்தபோது சுவரில் டெல்லித் தெருநாடகக்காரர் சஃப்தர் ஹாஷ்மியின் படம் ஒட்டியிருந்தது. 1989 ஜனவரி 1 அன்று, டெல்லியை ஒட்டிய சாகிபாபாத்தில் தொழிலாளர் குடியிருப்பில் தெருநாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது அடித்தார்கள், மறுநாள் செத்தார். உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில் கம்யூனிஸ்ட் வேட்பாளருக்கு ஆதரவாகப் போட்ட நாடகம். ராம் பகதூர் என்ற தொழிலாளியையும் கொன்றார்கள். ஜனவரி 4 அன்று சஃப்தரின் மனைவி மலையஸ்ரீயும் குழுவும் அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை முடித்துவிட்டு வந்தார்கள். கட்சிக்கு ஓட்டுக் கேட்கிற நாடகம் கலையா என்று அந்த முகாமில் ஒருவர் கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, பொதுவாக. ஆனால் ஜனவரி 4 அன்று அங்கே நின்று பார்த்தவர்களிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அதே நாடகம்தான், அதே வசனம்தான். நாலு நாளில் அது வேறு நாடகமாகியிருந்தது.

சரி, சந்தைக்கு வருகிறேன். மாடாக நடித்த பையனை மறுவாரமும் பார்த்தேன். டீ வாங்கிக்கொடுத்து, ஒரு நாடகத்துக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டேன். சொன்ன தொகையை இங்கே எழுதினால் அவனுக்கு அவமானம். கூத்து படிக்க ஆசையாம். "அண்ணே, எங்களுக்கு ஸ்கிரிப்ட் அவங்களே குடுத்துருவாங்க, ஒரு வரி மாத்தக் கூடாது" என்றான். அந்த மாடு ஏன் சந்தையில் மேய்கிறது, மேய்ச்சல் நிலம் எங்கே போச்சு என்று கேட்டிருக்கிறாயா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அதைப் போட்டா பில்லு வராதுண்ணே" என்றான்.

அவனைத்தான் இந்த வருஷம் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்குக் கூட்டிப்போனேன். வள்ளி திருமணம். நோட்டீசில் உபயதாரர் பெயர் நடிகர்கள் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. எங்கள் ஊர் ரோட்டுக்கு டெண்டர் எடுத்தவர்தான். முன்வரிசையில் சேர் போட்டு, துண்டு போர்த்தி, இரண்டு பக்கமும் ஆட்கள். ராத்திரி ஒன்றரை மணிக்கு நாரதர் தர்க்கம் ஆரம்பித்தது. வள்ளியாக வந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும், குரல் கத்தி மாதிரி. அம்மா, உன் தினைப்புனத்துக்கு வருகிற வழி தெரியாமல் தவித்துப் போனேன் என்று நாரதர் எடுத்துக்கொடுத்தார்.

"வழியா சாமி? வழி போட்டு மூணு மாசம் ஆச்சு. மழை பேஞ்சு மூணு நாளாச்சு. இப்ப வழியத்தான் நானும் தேடுறேன். பரண் மேல ஏறி நின்னு பாத்துட்டேன், தெரியல. நீங்க ஆகாச மார்க்கமா வர்றவரு, மேலருந்து பாத்தீங்களா?"

ஒரு நொடி அமைதி. எல்லாத் தலையும் முன்வரிசைப் பக்கம் திரும்பியது. அப்புறம் பந்தல் கிழிகிற சிரிப்பு. ஆர்மோனியக்காரர் குனிந்துகொண்டார். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். பையன் என் தொடையைப் பிடித்து அழுத்தினான்.

உபயதாரரும் சிரித்தார். எல்லாரையும்விடச் சத்தமாக, தோளில் கிடந்த துண்டு விழுகிற அளவுக்கு. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அந்த ஆள் மேடைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மைக்கில் வந்தது: "வள்ளியம்மையின் நடிப்பைப் பாராட்டி, இன்றைய உபயதாரர் அண்ணன் அவர்கள் அன்பளிப்பு ரூபாய் ஐந்நூறு."

வள்ளி நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முன்வரிசையைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு ஆலோலம் பாட ஆரம்பித்தாள்.